குறுஞ்சுற்றா, நெடுஞ்சுற்றா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சலவை இயந்திரம் வாங்கிச் சென்றவர்கள் சில மாதங்கள் கழித்துக் கடைப் பக்கம் வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அரை மணித்தியாலத்தில் உடுப்புத் தோய்க்கும் பொத்தான் இருக்கிறதே, பிறகு எதற்கு மூன்று மணித்தியாலம் ஓடும் சுற்று? மின்சாரம் வீண்தானே?" கேட்பவர்களில் பலர் அந்த 30 நிமிடச் சுற்றைத் தவிர வேறு எதையும் தொட்டதே இல்லை. நிலாவெளியிலிருந்து மூதூர் வரை பல வீடுகளில் நிலைமை இதுதான் என்பதால், கடையில் நின்றபடி அவசரமாகச் சொல்லும் பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறோம்.

மின்சாரத்தைத் தின்பது நேரம் அல்ல, சூடு. டிரம்மைச் சுழற்றும் மோட்டார் சிறியது. அது மெதுவாக முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருப்பதற்குப் பெரிய செலவு இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் மட்டும் பெரும்பாலான முன்கதவு இயந்திரங்களில் ஏறத்தாழ 2,000 வாட் இழுக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தோய்க்கும் கட்டத்தில் டிரம்மில் நிற்பது சுமார் 15 லீற்றர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற அரை அலகுக்கும் சற்று மேலே மின்சாரம் வேண்டும். 40 பாகை போதுமென்றால் கால் அலகுக்கும் குறைவு. சூடாக்கவே வேண்டாம் என்றால் அந்தச் செலவு முழுவதும் இல்லை. அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும் நம் வீட்டு மின்பட்டியலில், மாதம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் தெரியும்.

நேரமும் சூடும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுப்பவை. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் 1959ஆம் ஆண்டில் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். சலவைத்தூள், உராய்வு, சூடு, நேரம் என்ற நான்கும் சேர்ந்துதான் அழுக்கைப் போக்குகின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். 'எக்கோ' என்று எழுதியிருக்கும் சுற்று நீண்டு கிடப்பதற்குக் காரணம் அதுவே. சூட்டைக் குறைத்த குறையை அது நேரத்தால் நிரப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் விற்கப்படும் இயந்திரங்களில் 'எக்கோ 40-60' என்ற சுற்று இருந்தாக வேண்டும் என்பது சட்டம். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பனிபோல வரும் நாடுகளுக்காக யோசிக்கப்பட்டது அது.

நமக்கு வாய்த்த நிலைமை அதைவிட மேல். மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ந்த தண்ணீர் திருகோணமலையில் பெரும்பாலான நாட்களில் 28 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இயந்திரத்தில் 30 பாகை என்று போட்டிருப்பது இங்கே ஏறக்குறையச் சூடாக்காத தண்ணீர்தான். சலவைத்தூளில் கலந்திருக்கும் நொதியங்கள், அதாவது இரத்தம், பால், சோறு, எண்ணெய் போன்றவற்றைச் சிறுசிறு துண்டாக வெட்டிக் கரைக்கும் பொருட்கள், இந்தச் சூட்டில் நன்றாக வேலை செய்யும். அவற்றுக்கு வேண்டியது அவகாசம். பத்து நிமிடத்தில் அவை வேலையைத் தொடங்கியிருக்கும், முடித்திருக்க மாட்டா. ஆகவே இந்த ஊரில் மிக மலிவான நல்ல தோய்ப்பு எது என்று கேட்டால், சூடாக்காத நீண்ட சுற்று என்றே சொல்வோம்.

அப்படியானால் குறுஞ்சுற்று எதற்கு? அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதை அது அழகாகச் செய்யும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் போட்ட சட்டை பத்து மணிக்கே வியர்வையில் நனைந்துவிடும். அழுக்கு என்று எதுவும் இல்லை; வியர்வையும் கொஞ்சம் தூசியும் மட்டுமே. அவை தண்ணீரில் சட்டென்று கரைபவை. அலுவலகச் சட்டை, ஒருமுறை உடுத்த சாரம், சல்வார், பொலியெஸ்டர் அபாயா ஆகியவற்றுக்கு 30 நிமிடம் தாராளம். கறுப்பு, கடுநீலம் போன்ற சாயம் போகும் உடுப்புகளுக்கு அதுவே நல்லதும்கூட. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளியான ஆய்வொன்று 40 பாகையில் 85 நிமிடம் தோய்ப்பதையும் 25 பாகையில் 30 நிமிடம் தோய்ப்பதையும் ஒப்பிட்டது. குறைந்த சூடும் குறைந்த நேரமும் சேர்ந்த தோய்ப்பில் சாயம் வெளியேறுவதும் நுண்ணிழைகள் உதிர்வதும் தெளிவாகக் குறைந்தன. உடுப்பைப் புறம் மாற்றிப் போட்டால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். ஏழு கிலோ இயந்திரம் என்றால் ஏழு கிலோவும் நீண்ட கொட்டன் சுற்றுக்கு மட்டுமே. குறுஞ்சுற்றுக்குப் பெரும்பாலான இயந்திரங்களில் இரண்டு, இரண்டரை கிலோதான் அளவு. கைந்நூலில் அட்டவணை இருக்கும், தயவுசெய்து பாருங்கள். நான்கைந்து சட்டை, ஒரு சாரம், சில உள்ளாடைகள். அவ்வளவுதான். டிரம் முட்ட அடைத்துவிட்டு 30 நிமிடப் பொத்தானை அழுத்தினால் நடுவில் இருக்கும் துணிக்குத் தூள் போய்ச் சேர்வதற்குள் அலசல் தொடங்கிவிடும். கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடாகத் தூள் ஒட்டியிருப்பதாக வரும் முறைப்பாடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குறுஞ்சுற்றுக்குத் தூளையும் பாதியாக்குங்கள். முடிந்தால் திரவச் சலவை மருந்தைப் பயன்படுத்துங்கள். கைக்குழந்தையின் உடுப்பென்றால் கூடுதலாக ஓர் அலசலை அழுத்துங்கள்.

கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்குத் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்தக் கைந்நூலிலும் அவர்களுக்கென்று ஒரு வரி இல்லை. கடலுக்குப் போய்வந்த உடுப்பில் இருப்பவை நான்கு: உப்பு, மணல், மீன் இரத்தம், மீன் வாடை. உப்பை நேரே இயந்திரத்துக்குள் விடாதீர்கள். அது துருப்பிடிக்காத உருக்கையும் நாளடைவில் அரிக்கும். வாளியில் நல்ல தண்ணீரில் இருமுறை அலசினாலே உப்பு போய்விடும், அதற்கு இயந்திரமே தேவையில்லை. மணலை உலர்ந்த நிலையில் உதறுங்கள். உள்ளே போனால் பம்பின் வடிகட்டியில் போய் உட்காரும். இரத்தக் கறைக்குச் சூடு எதிரி. 60 பாகைத் தண்ணீர் பட்டால் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிவிடும், பிறகு போகவே போகாது. முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு சூடாக்காத நீண்ட சுற்று. மீன் வாடை காரத் தன்மையுள்ள ஒரு பொருளிலிருந்து வருவது. கடைசி வாளித் தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் அது கரைந்து போகும் உப்பாக மாறிவிடும். ஆனால் குளோரின் வெளுப்பானையும் தேசிக்காய்ச் சாற்றையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். இவ்வளவும் செய்துவிட்டு அந்த உடுப்பை 30 நிமிடச் சுற்றில் போடுபவர்களும் இருக்கிறார்கள். வாடை திரும்பி வருகிறது என்று அவர்கள் இயந்திரத்தைக் குறை சொல்கிறார்கள். ஊறிய எண்ணெயும் கொழுப்பும் அரை மணித்தியாலத்தில் விட்டுப் போவதில்லை, அதனால்தான் வாடை திரும்புகிறது.

பாடசாலை வெள்ளைச் சீருடையின் கழுத்துப் பட்டியில் படிவதும் இதே கொழுப்புத்தான். தோலின் எண்ணெய் நாளுக்கு நாள் சேர்ந்து மஞ்சளாகும். வாரத்தில் நான்கு நாள் குறுஞ்சுற்றில் தோய்த்தாலும் வெள்ளிக்கிழமை ஒருமுறையாவது 40 பாகையில் நீண்ட சுற்றில் போடுங்கள். தூளாக விற்கும் சலவைப் பொருட்கள் பலவற்றில் வெள்ளைக்கு உதவும் ஒட்சிசன் வெளுப்பான் கலந்திருக்கும், திரவத்தில் அது இருக்காது. அந்த வெளுப்பானுக்குச் சூடும் நேரமும் இரண்டும் தேவை. குழம்பு கொட்டிய இடம் சவர்க்காரம் பட்டதும் சிவப்பாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மஞ்சள் காரத்தில் நிறம் மாறும், அவ்வளவுதான். எண்ணெயை நீண்ட சுற்று எடுத்துவிடும். மீதியுள்ள மஞ்சளை வெயில் எடுத்துவிடும். ஈரத்தோடு நேரடி வெயிலில் கொடியில் போடுங்கள்.

60 பாகை என்பதை வீட்டில் யாராவது நோயில் படுத்திருந்தால், அல்லது இழுப்பு, தூசி ஒவ்வாமை உள்ளவர்களின் படுக்கை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைத் தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில் இறக்கும், 30 பாகையில் இறப்பதில்லை. இதற்கு மட்டும் மின்செலவைப் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மாரி தொடங்கியதும், அதாவது ஒக்டோபர் கடைசியிலிருந்து தை மாதம் வரை, முறைப்பாடுகளின் முகம் மாறும். அப்போது எல்லோரும் சொல்வது நாற்றத்தைப் பற்றி. தோய்த்த உடுப்பு ஈரநாற்றம் அடிக்கிறது, மீண்டும் தோய்த்தாலும் போகவில்லை என்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் இந்த நாற்றத்துக்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள். மொராக்ஸெல்லா ஒஸ்லோயென்சிஸ் என்பது அதன் பெயர். துணியில் எஞ்சிய கொழுப்பைத் தின்று, துணி நெடுநேரம் ஈரமாக இருக்கும்போது பெருகுகிறது. குறைவாகத் தோய்த்து மெதுவாக உலர்த்தினால் அதற்குக் கொண்டாட்டம். குறுஞ்சுற்றுகள் பலவற்றில் பிழியும் வேகமும் குறைத்தே வைக்கப்பட்டிருக்கும். மாரியில் அந்த வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது முடிந்தபின் தனியாக இன்னொரு முறை பிழியவிடுங்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு ஆகும் மின்சாரம் அற்பம், கொடியில் மிச்சமாகும் நேரமோ பல மணித்தியாலம். சுற்று முடிந்ததும் உடுப்பை உள்ளே இரவு முழுவதும் விட்டுவைக்காதீர்கள். ஏற்கெனவே நாற்றம் பிடித்த துவாய்களை ஒருமுறை 60 பாகையில் நெடுஞ்சுற்றில் போட்டு எடுங்கள்.

இயந்திரத்துக்கும் இதே நோய் வரும். எப்போதும் குளிர்ந்த குறுஞ்சுற்றையே ஓட்டினால் கதவின் ரப்பர் வளையத்திலும் தூள் போடும் அறையிலும் வழுவழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். மாதம் ஒருமுறை வெறும் டிரம்மை 60 பாகையில் அல்லது 'டிரம் கிளீன்' சுற்றில் ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் கதவைத் திறந்தே வையுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உவர்ப்பும் வன்மையுமான தண்ணீர் தூளின் பலத்தைக் குறைக்கும், சூடாக்கும் சுருளில் வெள்ளையாகப் படியும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு இருந்தால், வேறெதற்குக் கிணற்றை இறைத்தாலும் இயந்திரத்துக்கு மட்டும் அந்தக் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள்.

மேல்திறப்பு இயந்திரமும் இரட்டைத்தொட்டி இயந்திரமும் வைத்திருப்பவர்கள் இதுவரை சொன்னதில் பாதி தமக்கில்லை என்று நினைக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் சூடாக்கும் வசதி இல்லை என்பது உண்மை. அதனாலேயே உங்களுக்கு நேரம் இன்னும் முக்கியம். தூள் கரைத்த தண்ணீரில் சில நிமிடம் சுற்றவிட்டு, நிறுத்தி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மீண்டும் சுற்றவிடுங்கள். மோட்டார் ஓடாத அந்த அரை மணித்தியாலத்துக்குச் செலவே இல்லை.

உப்புவெளியில் விருந்தினர் இல்லம் நடத்துகிறவர்கள் துவாய்க் குவியலைக் குறுஞ்சுற்றில் முடிக்கப் பார்ப்பது எங்களுக்குத் தெரியும். சூரியக் களிம்பின் எண்ணெய் அதில் போகாது. இரவு 10.30க்குப் பிறகு நீண்ட சுற்றில் போட்டுவிட்டு, எழுந்ததும் முதல் வேலையாக எடுத்துக் காயவிடுங்கள். நேரத்துக்கேற்பக் கட்டணம் அறவிடும் மானி பொருத்தியிருந்தால் காலை 5.30 வரை அலகு விலையும் குறைவு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள உச்ச நேரத்தில் ஓட்டுவதை வீடுகளும் தவிர்க்கலாம்.

கடைசியாக, "30 நிமிடம் என்று காட்டுகிறது, ஆனால் ஒரு மணித்தியாலம் ஓடுகிறது" என்று எங்களை அழைப்பவர்களுக்கு. தூள் கூடினால் நுரை கூடும். நுரையை உணர்ந்த இயந்திரம் தானாகவே அலசலைக் கூட்டும். ஒரே ஒரு பெரிய விரிப்பை மட்டும் போட்டால் எடை ஒருபக்கம் சரிந்து, பிழிவதற்கு முன் மீண்டும் மீண்டும் சமன்செய்யப் பார்க்கும். தண்ணீர் மெதுவாக வந்தாலும் நேரம் நீளும். தொட்டி இயந்திரத்துக்கு மூன்று மீற்றர் மேலே இருந்தால் அழுத்தம் 0.3 பார் அளவே, சில இயந்திரங்களுக்கு 0.5 பார் வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் முனையில் ஒரு சிறிய வலை இருக்கும். குழாயை மூடி, கழற்றி, பழைய பற்தூரிகையால் அதிலுள்ள மணலைத் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். அதற்குப் பிறகும் நேரம் குறையவில்லை என்றால் எங்களை அழையுங்கள், வந்து பார்க்கிறோம். உங்கள் இயந்திரத்தின் கைந்நூல் தொலைந்திருந்தால் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். எந்தச் சுற்றுக்கு எத்தனை கிலோ என்பதைத் தமிழில் எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் சலவை இயந்திரக் கடையினர்
மத்திய வீதி, திருகோணமலை