ஏ-யையும் பி-யையும் தனித்தனியே பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயலின் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரைத் தானாக ஓட்டும் மாணவர் படைப்புகளுக்குத் தங்கள் நாளிதழ் இடம் தருவது நல்ல விஷயம். அவற்றில் பல, வயலோர சென்சாரையும் மோட்டார் கொட்டகையையும் ஆர்எஸ்-485 கம்பி ஜோடியால் (ஏ, பி என்ற இரு கம்பிகளுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசமாகச் செய்தியை அனுப்பும் முறை) இணைப்பவை. கம்ப்யூட்டர் திரையில் அலை பிசிறில்லாமல் வருகிறது. கொட்டகையில் மாட்டி மோட்டாரைப் போட்டதும் கம்பி முனையிலுள்ள ஐசி போய்விடுகிறது. பழி மின்னல் மேல் விழும். சிமுலேஷனில் அந்த ஜோடியை எப்படி அமைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் வழக்கமாக நடப்பது இதுதான். ஏ, பி கம்பிகளுக்கு நடுவே ஒரே ஒரு வோல்டேஜ் சோர்ஸ் வைப்பார்கள். ஓட்டினால் 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்று பிழை வரும். கிரவுண்டுக்கு வழியே இல்லாத சுற்றை அந்த மென்பொருளால் கணக்கிட முடியாது. உடனே பி-யைக் கொண்டுபோய் கிரவுண்டில் இணைப்பார்கள்; பிழை மறையும். கூடவே வித்தியாசத்தைச் சுமக்கும் டிபரன்ஷியல் ஜோடியும் மறைந்து, சாதாரண ஒற்றைக் கம்பிதான் மிஞ்சும்.

சரியான அமைப்பு கடினமல்ல. சிக்னலுக்கு ஒரு பல்ஸ் சோர்ஸை கிரவுண்டிலிருந்து தனியாக வையுங்கள்: மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வோல்ட், 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்துக்கு ஆன் நேரம் 104 மைக்ரோ செகண்ட், பீரியட் 208. ஏறும், இறங்கும் நேரம் 100 நானோ செகண்ட் என எழுதிவிடுங்கள்; பூஜ்யமாக விட்டால் மென்பொருள் தன் விருப்பத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். 'சிஎம்' (காமன் மோட், அதாவது இரு கம்பிகளுக்கும் பொதுவான வோல்டேஜ்) என்றொரு நோடுக்கு, அதாவது இணைப்புப் புள்ளிக்கு, 2.5 வோல்ட் டிசி கொடுங்கள். பிறகு 'ஈ' வகை டிபென்டென்ட் சோர்ஸ் (வேறொரு வோல்டேஜைப் பார்த்துத் தன் வோல்டேஜை அமைப்பது) இரண்டு: ஒன்று சிஎம்-இலிருந்து ஏ-க்கு, கெயின் 0.5, மற்றது சிஎம்-இலிருந்து பி-க்கு, கெயின் மைனஸ் 0.5. இரண்டின் கன்ட்ரோல் முனைகளும் அந்தப் பல்ஸுக்கே. இப்போது ஏ 3.5-க்கு ஏறும்போது பி 1.5-க்கு இறங்கும்.

ரிசீவர் முனையில் ஏ, பி-க்கு நடுவே, சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்க 120 ஓம், ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 12 கிலோ ஓம். உண்மையான ஐசியின் உள்ளீடும் ஏறக்குறைய அப்படித்தான். பெரிய ரெசிஸ்டரை '10எம்' என்று எழுதிவிட வேண்டாம். ஸ்பைஸுக்கு அது 10 மில்லி ஓம், ஷார்ட்டுக்குச் சமம். மெகா ஓமுக்கு 'மெக்' என்று முழுதாக எழுத வேண்டும்.

அடுத்து கேபிள். 'டி' வகை டிரான்ஸ்மிஷன் லைன் ஒன்றை ஏ-பி-க்குக் குறுக்கே போட்டால் இரு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே மறுமுனைக்குப் போகும். இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் போகாது. பிரச்சினையே அந்தப் பொது வோல்டேஜில்தான் என்பதால், இந்தப் படம் நம்மை ஏமாற்றும். ஒவ்வொரு கம்பிக்கும் கிரவுண்டோடு சேர்த்து 60 ஓம் லைன் ஒன்று, ஆக இரண்டு போடுங்கள். மீட்டருக்குச் சுமார் 5 நானோ செகண்ட் என்றால் 300 மீட்டருக்கு 1.5 மைக்ரோ செகண்ட் தாமதம். ஓட்டம் சற்று மெதுவாகும், பரவாயில்லை. 9600 பாடில் எதிரொலி பிட்டின் நடுப்பகுதிக்குள் அடங்கிவிடும் என்பதால் 120 ஓமை மறந்தவர்கள்கூடப் பல நேரம் தப்பிவிடுவார்கள். 1,15,200-க்குப் போனால் தப்ப முடியாது.

இனி கொட்டகைக்கு வருவோம். சப்மெர்சிபிள் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கமான கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். கேபிள் இன்சுலேஷன் நைந்திருந்தால் கசிவு மண்வழியே திரும்பும். கோடையில் மண் காய்ந்து எர்த் ரெசிஸ்டன்ஸும் கூடும். கொட்டகை எர்த்தும் வயல் முனை எர்த்தும் ஒரே வோல்டேஜில் இராது. இதைக் காட்ட, சிஎம்-இன் 2.5 வோல்ட்டோடு வரிசையாக 50 ஹெர்ட்ஸ் சைன் சோர்ஸ் ஒன்றைச் சேர்த்து 40 மில்லி செகண்ட் ஓட்டுங்கள். உச்சம் 5 வோல்ட் என்றால் கம்பிகள் மைனஸ் 3.5-க்கும் பிளஸ் 8.5-க்கும் இடையே நிற்கும், தப்பு இல்லை. 10 வோல்ட் ஆக்குங்கள்: மைனஸ் 8.5-இலிருந்து பிளஸ் 13.5 வரை போகும். ஆர்எஸ்-485 தரம் அனுமதிப்பது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வரைதான்.

வேடிக்கை என்னவென்றால், ஏ-யில் புரோபை அழுத்தி பி வரை இழுத்து வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் அப்போதும் அலை அழகாகவே இருக்கும். மென்பொருளில் ஐசி எரியாது அல்லவா! ஏ-யையும் பி-யையும் தனித்தனியே வரைந்தால்தான் எல்லை மீறல் தெரியும். அது தெரிந்தபின் மூன்றாவதாக ஒரு காமன் கம்பியை 100 ஓம் வழியாக இழுப்பதா, ஐசொலேட்டட் டிரான்ஸீவர் (இரு பக்க மின்சுற்றையும் பிரித்துவைக்கும் ஐசி) போடுவதா என்று முடிவெடுக்கலாம். பெரிய மோட்டார் உள்ள கொட்டகைக்கு இரண்டாவதே நல்லது. கூடுதல் செலவு, எரிந்த ஐசிகளை மாற்றும் செலவைவிடக் குறைவு.

லைன் சும்மா இருக்கும்போது ஏ-பி வித்தியாசம் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரு முனையிலும் 120 ஓம் இருக்க, 5 வோல்ட் சப்ளையில் பயாஸ் ரெசிஸ்டர்கள் (சும்மா இருக்கும் லைனை ஒரே நிலையில் பிடித்துவைப்பவை) 560 ஓம் என்றால் 254 மில்லிவோல்ட் கிடைக்கும். 1 கிலோ ஓம் போட்டால் 146 மட்டுமே. சில ஐசிகள் அதை எப்படி வேண்டுமானாலும் படிக்கும்.

புராஜெக்ட் மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. வித்தியாச அலையோடு, 10 வோல்ட் சைன் சேர்த்து ஏ, பி தனித்தனியே வரைந்த படத்தையும் ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர்கள் சிலர்,
கும்பகோணம்.