ஜேம்ஸ் பாண்ட் காருக்கு வடிவம் கொடுத்த ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவாளிப் படங்களில் வரும் கார் துரத்தல்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ரோம், வெனிஸ், மட்டேரா என்று படங்களும் அமர்க்களம். ஒரே ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. ஆங்கிலேயக் கார் ஓடுவதற்கு இத்தாலி அழகான பின்னணி என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அந்தக் காரையும் சரியாகப் பார்க்கவில்லை, அந்த ஊர்களையும் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

முதலில் கார். பாண்ட் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளி நிற ஆஸ்டன் மார்ட்டின் டிபி5. 1963-ல் சந்தைக்கு வந்த வண்டி, 1964-ல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் பெயர் வாங்கியது. இன்ஜின் இங்கிலாந்து, தயாரிப்பும் இங்கிலாந்து. ஆனால் அந்த உடம்பின் வடிவம் மிலானில் இருந்த டூரிங் என்ற பட்டறையில் பிறந்தது. 1958-ல் வந்த டிபி4-க்காக அவர்கள் வரைந்ததுதான் அங்கங்கே திருத்தப்பட்டு டிபி5 ஆனது.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் சேஸி மட்டும் வரும், அதன் மேல் கூடு கட்டி தகடு அடிப்போம். அந்தக் கால இத்தாலியில் சொகுசுக் கார்களுக்கும் இதே ஏற்பாடுதான். கார் கம்பெனி ஒரு பக்கம், பாடி கட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். மிலானிலும் டூரினிலும் இப்படிப் பேர்போன பட்டறைகள் இருந்தன. டூரிங்காரர்களுடைய முறைக்கு 'சூப்பர்லெஜெரா' என்று பெயர். மெல்லிய இரும்புக் குழாய்களைக் காரின் உருவத்துக்கு வளைத்துக் கூடாகப் பற்றவைத்து, அதன் மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். எடை குறையும், நினைத்த வளைவும் கிடைக்கும். ஒரே வில்லங்கம், இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அரித்துப்போகும். அதனால் நடுவில் துணி வைக்க வேண்டும். ஆஸ்டன் மார்ட்டின் இந்த முறைக்கு உரிமம் வாங்கித் தன் ஆலையில் செய்தது. டிபி5-இன் பானட் ஓரத்தைப் பாருங்கள், 'சூப்பர்லெஜெரா' என்று இத்தாலியப் பெயர் பொறித்திருக்கும். உலகத்துக்கே தெரிந்த ஆங்கிலேய உளவாளி அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் சுற்றினார். டூரிங் பட்டறையோ 1966-ல் மூடிவிட்டது.

1977-ல் வந்த பாண்ட் படத்தில் சார்டினியா தீவில் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறியதே லோட்டஸ் எஸ்ப்ரி, அதுவும் டூரின்காரரான ஜார்ஜெத்தோ ஜுஜாரோ வரைந்தது. அதன் முதல் மாதிரி 1972 டூரின் மோட்டார் கண்காட்சியில் வந்தது.

எதிர்ப்பக்கக் கூத்தும் உண்டு. மிலானில் ஜுஸ்ஸானி சகோதரிகள் என்று இரண்டு பெண்கள் 1962-ல் 'டயபாலிக்' என்ற காமிக்ஸைத் தொடங்கினார்கள். ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் பாக்கெட்டில் வைத்துப் படிக்கும்படி சின்ன அளவில் அச்சடித்தார்கள். கதாநாயகன் உளவாளி இல்லை, முகமூடித் திருடன். ஆனாலும் மாறுவேடம், விசித்திரக் கருவிகள், ரகசிய இடங்கள் என்று உளவாளிக் கதையின் சாமான் எல்லாம் அதில் இருக்கும். அவன் ஓட்டுவது கறுப்பு ஜாகுவார் ஈ-டைப், சுத்தமான ஆங்கிலேய வண்டி. ராணி காமிக்ஸில் பாண்டைப் படித்து வளர்ந்த எனக்கு இதைத் தெரிந்துகொண்டபோது சிரிப்பு தாங்கவில்லை. ஆங்கிலேய உளவாளிக்கு மிலான் பாடி, மிலான் திருடனுக்கு ஆங்கிலேய ஜாகுவார்!

அடுத்தது ஊர். அந்த நகரங்களின் உயிர், தெருவில் நடக்கும் ஜனங்களிடம் இருக்கிறது. சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக வெளியே வந்து, சதுக்கத்தைச் சுற்றி மெதுவாக நடந்து, நின்று பேசி, திரும்பவும் நடப்பார்கள். அதற்கு 'பஸ்ஸெஜாத்தா' என்று பெயரே உண்டு. கார் துரத்தலைப் படம் பிடிக்க வேண்டுமானால் முதலில் அந்த ஜனங்களை அப்புறப்படுத்த வேண்டும். 2015-ல் வந்த 'ஸ்பெக்டர்' படத்தில் ரோமின் ராத்திரித் தெருக்களும் டைபர் ஆற்றங்கரையும் துடைத்து வைத்ததுபோல் கிடக்கும். பார்க்க அழகுதான். அந்த ரோமில் ரோம்காரர்கள்தான் இல்லை. மட்டேராவிலும் அப்படியே. குகை வீடுகளில் கழுதையோடும் ஆட்டோடும் ஏழைகள் குடியிருந்த ஊர் அது. 1950-களில் அரசு அவர்களை வேறு இடத்துக்குக் குடியேற்றியது. பாண்ட் படத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது டிபி5 கல் தரையில் வட்டமடிப்பது மட்டும்.

ஊரைப் புரிந்துகொண்டு எடுத்ததும் உண்டு. 2008-ல் வந்த 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கார்தா ஏரிக்கரையிலும் கராரா பளிங்குச் சுரங்கத்திலும் கார் பறக்கும். சியெனா நகரத்துக்குள் வந்ததும் துரத்தல் கால் ஓட்டமாகிவிடும். பாலியோ குதிரைப் பந்தயக் கூட்டத்தையும் ஓட்டுக் கூரைகளையும் தாண்டிக்கொண்டு பாண்ட் ஓடுவார். 1960-களிலேயே நடு ஊருக்குள் கார்களை வேண்டாம் என்று சொன்ன நகரம் சியெனா, அதனால் அங்கே ஓட்டம்தான் பொருத்தம். 2023-ல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்' படத்தில் டாம் குரூஸ் ஒரு மஞ்சள் ஃபியட் 500-இல் ரோமைச் சுற்றியதும் எனக்குப் பிடித்தது. 1957-ல் தாந்தே ஜாகோசா வடிவமைத்த வண்டி அது, நீளம் 3 மீட்டர்கூட இல்லை. அந்தச் சந்துகளில் புகுந்து வரத்தான் அது பிறந்தது. ஸ்பானிஷ் படிகளில் உருள்கிற காட்சியை மட்டும் விட்டுவிடுகிறேன். ஏனென்றால் 2022 மே மாதம் ஒருவர் நிஜமாகவே வாடகை மஸராட்டி காரை அந்தப் படிகளில் இறக்கி, படிகளைச் சேதப்படுத்தி, மிலான் விமான நிலையத்தில் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தவை கேமராவும் வாடகைக் கார் பதிவும்.

நிஜ உளவாளிகளும் அங்கே ஏறக்குறைய இப்படித்தான் மாட்டினார்கள். 2003 பிப்ரவரியில் மிலானில், தொழுகைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த எகிப்திய இமாம் ஒருவரைப் பட்டப்பகலில் வேனில் ஏற்றிக் கடத்தியது அமெரிக்க உளவுத்துறை. அவியானோ விமானத் தளம் வரை கொண்டுபோய் அங்கிருந்து நாடு கடத்தினார்கள். துரத்தலும் இல்லை, குண்டுவெடிப்பும் இல்லை. பிறகு இத்தாலியப் போலீஸ் செல்போன் பதிவுகளையும் ஓட்டல் பில்களையும் வாடகைக் கார் விவரங்களையும் ஒவ்வொன்றாகக் கோத்தது. 2009-ல் 23 அமெரிக்கர்களை, அவர்கள் நேரில் வராமலேயே, குற்றவாளிகள் என்று மிலான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை உங்கள் கட்டுரையாளர் தொடாதது எனக்கு ஏமாற்றம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இத்தாலியில் வாடகைக் கார் எடுக்க ஆசைப்படும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகப் பயணப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். ரோம், ஃப்ளோரன்ஸ், சியெனா போன்ற ஊர்களின் பழைய பகுதிகளுக்குள் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக்கூடாது. 'இசட்டிஎல்' என்பார்கள். நுழைவாயிலில் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும், யாரும் தடுத்து நிறுத்த மாட்டார்கள். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதம் வீட்டுக்கு வரும். விவரம் கொடுத்ததற்காக வாடகைக் கம்பெனியும் தனியாக ஒரு தொகையை கார்டில் பிடித்துக்கொள்வது வழக்கம். உங்கள் ஓட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால் முன்னதாகவே அவர்களிடம் வண்டி நம்பரைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காரை வெளியே பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.

இப்படிக்கு,
பாடி பில்டிங் தொழிலில் ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
கரூர்