திருடனைப் பற்றி எழுதினீர்கள், வார்டனை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்து – ஸ்காட்லாந்து எல்லையில் 16ஆம் நூற்றாண்டில் ஆட்டம் போட்ட ரீவர் கொள்ளையர்களைப் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம் குடும்பங்கள் இரவில் குதிரையேறிப் போய் மாடு ஓட்டி வந்த கதையெல்லாம் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் 'சட்டம் எட்டாத பூமி' என்று தலைப்புப் போட்டதை ஏற்க முடியவில்லை. எட்டியது. நன்றாகவே எட்டியது. அந்தக் கைக்குத் தப்புவதுதான் ஊர்க்காரனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

மகள் நியூகாசிலில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதத்தில் கார்லைல், ஹெக்ஸம் என்று அந்தப் பக்கம் சுற்றிய ஆசையில்தான் எழுதுகிறேன். ஹெக்ஸம் சிறைச்சாலை 1330களில் கட்டியது. சிறைக்கென்றே இங்கிலாந்தில் எழுப்பிய முதல் கட்டடம் என்கிறார்கள். சட்டம் இல்லாத ஊரில் இருநூறு வருடம் முன்பே சிறை எதற்கு?

கட்டுரையில் 'வார்டன்' என்பதைக் 'காவலர்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். வாசகர் லத்தி பிடித்த ஒரு ஏட்டைத்தான் நினைத்துக்கொள்வார். எல்லையின் இரு பக்கமும் கிழக்கு, நடு, மேற்கு என்று மும்மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன். படைத்தலைவர், போலீஸ், நீதிபதி, அயல்நாட்டோடு பேசும் தூதர் எல்லாம் அவர் ஒருவரே. பிடிப்பவரும் அவர், விசாரிப்பவரும் அவர், தூக்கில் போடுபவரும் அவர். சம்பளம் போதாது, அபராதத்தில் பங்கு உண்டு. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் இருந்த சட்டம் எவ்வளவு நுணுக்கமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாடு திருட்டுப் போனால் ஆறு நாளுக்குள் எல்லை தாண்டித் துரத்தலாம். ஈட்டி முனையில் புகையும் புல்கட்டி ஒன்றைக் குத்திக்கொண்டு, வேட்டை நாயோடு, ஊதுகொம்பு ஊதிப் போக வேண்டும். ஒளிந்து போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறு நாள் தாண்டினால் புகார் எழுதிக் கொடுத்து, இரு தரப்பு வார்டன்களும் கூடும் சமாதான நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே ஸ்காட்லாந்துக்காரர் ஆறு பேரை இங்கிலாந்து வார்டன் தேர்ந்தெடுப்பார், இங்கிலாந்துக்காரர் ஆறு பேரை ஸ்காட்லாந்து வார்டன் தேர்ந்தெடுப்பார். அந்தப் பன்னிரண்டு பேர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தால் இன்றைக்கும் நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. வார்டனே கூட்டத்தைத் தள்ளிப் போட்டால்? புகாரை மடித்து வைத்துக்கொண்டால்? அதற்கு வழி சொல்லவில்லை.

சர் ஜான் ஃபார்ஸ்டர் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. இதுதான் எனக்குப் பெரிய குறை. 1560 முதல் 1595 வரை, நடுவில் சிறிது காலம் தவிர, எல்லையில் இங்கிலாந்துப் பக்கத்து நடுப்பகுதிக்கு வார்டன் அவர்தான். முப்பத்தைந்து வருடம் ஒரே நாற்காலி! திருடர்களோடு கூட்டு, பிடிபட்டவனை விட்டுவிடுவது, புகார்களைக் கிடப்பில் போடுவது என்று குற்றச்சாட்டுகள் குவிந்து 1586இல் பதவி போனது. அதிக நாள் இல்லை, திரும்பி வந்துவிட்டார். நிலவரம் தெரிந்த வேறு ஆள் லண்டனுக்குக் கிடைக்கவில்லை போலும்.

அவர் எழுதிய அறிக்கைகளில் ஒன்றைப் பாருங்கள். 1585 ஜூலையில் ஒரு சமாதான நாளில், அவருடைய மருமகன் பிரான்சிஸ் ரஸ்ஸல் சுடப்பட்டு இறந்தார். அடுத்த நாளே ஃபார்ஸ்டர் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், ஏதோ சில்லறைச் சண்டை திடீரென்று முற்றியதில் நடந்தது என்கிறார். சில நாள் கழித்து வந்த அறிக்கையில் அதே சம்பவம் ஸ்காட்லாந்துக்காரர்கள் முன்கூட்டியே போட்ட திட்டமாகிவிட்டது. எடின்பரோவில் அரசர் பக்கத்தில் இருந்த சிலரைக் கவிழ்க்க லண்டனுக்கு அப்போது ஒரு காரணம் தேவைப்பட்டது. செத்தவர் சொந்த மகளின் கணவர். முதல் தகவல் அறிக்கையைத் திருத்தும் கலை ஒன்றும் நேற்று வந்ததல்ல.

1595இல் ஒருவழியாக அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து, பாம்பரோவுக்கு அருகே அவர் வீட்டுக்கே ஸ்காட்லாந்துக் குதிரைக்காரர்கள் தேடி வந்துவிட்டார்கள். ஆட்கள் மாடிப்படி ஏறி வருகிறார்கள். மனைவி அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதில்தான் கிழவர் உயிர் பிழைத்தார். 1602இல் படுக்கையில் காலமானார்.

அப்புறம், கின்மாண்ட் வில்லி. கட்டுரையாளர் இவரை வீரனாக்கிவிட்டார். வில்லி ஆம்ஸ்ட்ராங் வீரன் இல்லை, ஊரை அழித்த ஆள். 1593இல் இங்கிலாந்துப் பக்கத்து டைன்டேல் பள்ளத்தாக்கில் ஆயிரம் பேரோடு புகுந்து இரண்டாயிரத்துக்கு மேல் கால்நடைகளை ஓட்டிப் போனதாக அக்கால அறிக்கை சொல்கிறது. ஆனால் 1596 மார்ச் 17 அன்று அவரைப் பிடித்த விதம்தான் விவகாரம். அன்று சமாதான நாள். மறுநாள் சூரியன் உதிக்கும் வரை யாரையும் யாரும் தொடக் கூடாது என்பது இரு நாட்டுச் சட்டம். கூட்டம் முடிந்து வில்லி ஆற்றின் ஒரு கரையோரம் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் வந்த இங்கிலாந்து ஆட்கள் ஆற்றைக் கடந்து துரத்திப் பிடித்துக் கார்லைல் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வார்டன் லார்டு ஸ்க்ரூப் அவரை விடவில்லை.

ஏப்ரல் 13 இரவு, கொட்டும் மழையில், ஸ்காட்லாந்துப் பக்கத்து லிட்டிஸ்டேல் பகுதி அதிகாரி பக்ளூ ஆட்களோடு வந்து பின்வாசல் கதவை உடைத்து வில்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கவனியுங்கள், பக்ளூவும் அரசு அதிகாரிதான். வந்தவர்கள் எண்பது பேர் இருக்கலாம் என்பது ஸ்காட்லாந்துத் தரப்புக் கணக்கு. ஸ்க்ரூப் லண்டனுக்கு எழுதியதில் ஐந்நூறு! காவலுக்கு நின்றவர்கள் மழைக்கு எங்கேயோ ஒதுங்கியிருக்கலாம், அல்லது தூங்கியிருக்கலாம் என்றும் சேர்த்து எழுதினார். உள்ளே இருந்தவர்களே கதவுக்கு வழி காட்டினார்கள் என்ற சந்தேகமும் அவருக்கு வந்தது, அது சரியான சந்தேகம்தான்.

அத்தோடு கட்டுரை முடிகிறது. அடுத்து நடந்ததை ஏன் விட்டீர்கள்? அவமானம் தாங்காத ஸ்க்ரூப் அந்தக் கோடையில் லிட்டிஸ்டேலுக்குப் படை அனுப்பினார். வீடுகளை எரித்தார்கள். ஆண்களை உடை களைந்து, நாய்களைப் போல இருவர் இருவராகக் கயிற்றில் பிணைத்து இழுத்துப் போனார்கள், வெட்டவெளியில் விட்ட குழந்தைகள் இறந்தன என்று ஸ்காட்லாந்து தரப்பு புகார் சொன்னது. இதில் கொள்ளைக்காரன் எங்கே இருக்கிறான்?

இன்னொரு சின்னத் திருத்தம். 'பிளாக்மெயில்' என்ற சொல் அங்கே பிறந்தது என்று சொன்னது சரி. ஆனால் அந்த 'மெயில்' தபால் அல்ல. குத்தகை, வாடகை என்ற பொருளில் வழங்கிய பழைய சொல். 'உன் மாட்டைத் தொட மாட்டேன், மற்றவன் தொட்டாலும் மீட்டுத் தருவேன்' என்று வாங்கிய தொகை அது. களவு போன மாட்டை மீட்க நம் பக்கத்தில் கொடுத்த துப்புக்கூலி ஞாபகம் வராமல் இருக்காது. 1601இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம் ஒன்று இதை வாங்குவதை மரண தண்டனைக் குற்றமாக்கியது. கொடுப்பதையும்தான். வார்டனிடம் போய்ப் பயனில்லை என்று பக்கத்து ஊர் ரவுடிக்குக் கப்பம் கட்டி உயிர் வாழ்ந்த விவசாயிக்கும் கயிறு! இந்தச் சட்டத்தை எழுதிய கைக்கு அந்த விவசாயி வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது தெரியாமலா இருக்கும்?

1603க்குப் பிறகு இரு நாட்டுக்கும் ஒரே அரசர். எல்லை என்பதே இல்லை என்றார்கள். முதலில் தூக்கு, பிறகு விசாரணை என்ற 'ஜெட்பரோ நீதி' அப்போது வந்ததுதான். கிரஹாம்களைக் கப்பலேற்றி நெதர்லாந்துக் காவல் படைகளுக்கும், பிறகு அயர்லாந்துக்கும் அனுப்பினார்கள். அவர்கள் இருந்த நிலம் கம்பர்லாந்து பிரபு கைக்குப் போயிருந்தது.

கார்லைலில் கோட்டைக்கும் டல்லி ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கும் நடுவே ஒரு சுரங்க நடைபாதை இருக்கிறது. அதில் பெரிய உருண்டைக் கல் ஒன்று. 1525இல் கிளாஸ்கோ பேராயர் கவின் டன்பார் ரீவர்களுக்கு விட்ட சாபத்தை அதில் செதுக்கி 2001இல் வைத்தார்கள். தலையைச் சபிக்கிறேன், தலைமுடியைச் சபிக்கிறேன் என்று அங்கம் அங்கமாக இறங்குகிறது. கல் வந்ததும் கோமாரி, 2005இல் வெள்ளம், எல்லாம் இந்தச் சாபத்தால்தான், எடுத்துவிடுங்கள் என்று ஒரு கவுன்சிலர் கேட்டதும் உண்டு. நான் கல்லைச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். திருடர்களுக்கு இருந்தது. ஃபார்ஸ்டருக்கும் ஸ்க்ரூப்புக்கும் பங்கு கிடையாது. அவர்கள் காலத்துக்கு முந்திய சாபம், பேராயரைக் குறை சொல்லக் கூடாது.

கடைசியாக ஒன்று. 72ஆம் பக்கத்தில் 'கார்லைல் கோட்டை' என்று போட்டிருக்கும் படம் எடின்பரோ கோட்டை. பாறை மேல் நிற்பது அதுதான். கார்லைல் கோட்டை சமதரையில், சிவப்பு மணற்கல்லில், உயரமே இல்லாமல் இருக்கும். அடுத்த இதழில் மாற்றிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்