விளைமீன் இல்லாட்டிப் பாரை: 225 பேருக்கும் ஒரு திறந்த மடல்

இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். புது அரசியலமைப்பு வரும், அதோடு தேர்தல் முறையும் மாறும் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வந்தால் சந்தோசம்தான். அந்த வேலையில் நீங்கள் உட்காருவதற்கு முன் எங்கள் வீட்டு மீன் கதை ஒன்றைக் கேளுங்கள், நீளமில்லை.

அம்மாவுக்கு வயது எழுபத்தாறு இருக்கும்போதுதான் 2024 ஜனாதிபதித் தேர்தல் வந்தது. தேர்தல் செப்டெம்பர் 21, சனிக்கிழமை. வியாழன் பின்னேரம் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் கீறி, வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். 39 பெயர். அதில் ஒருவர் வேட்புமனுக் கொடுத்த பிறகு காலமாகிவிட்டார், பெயர் மட்டும் சீட்டில் நின்றுவிட்டது. நான் கீறியதில் பதினைந்து பெட்டிக்கு மேல் இடமில்லை, மிச்சத்தை அம்மா கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

"புள்ளடிதானே?" என்றார், X அடையாளத்தைத்தான்.

"புள்ளடியும் போடலாம், 1, 2, 3 என்றும் போடலாம். ஆனால் ரெண்டையும் கலந்து போட்டுடாதேங்கோ."

"எனக்கு ஒரு ஆளைத்தானே பிடிச்சிருக்கு. ரெண்டாவது ஆளுக்கும் போட்டா முதல் ஆளுக்குக் குறைஞ்சிடாதோ?"

தயவுசெய்து சிரித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். என்னோடு வேலை செய்கிற பட்டதாரிகள் இரண்டு பேரும் அதே வாரம் இதையே என்னிடம் கேட்டார்கள். நானும் வாய்க்கு வந்தபடி ஏதோ விளக்கம் சொல்லிப் பார்த்தேன், அவர்களுக்கு ஏறவில்லை, உண்மையில் எனக்கே சரியாக வரவில்லை. அம்மாவிடம்தான் வந்தது.

"காலமை சின்னக்கடைக்குப் போகேக்க என்ன சொல்லி விட்டீங்கள்?"

"விளைமீன் வாங்கு, இல்லாட்டிப் பாரை, அதுவும் இல்லாட்டிச் சும்மா வா. சூடை மட்டும் வாங்கியராதை எண்டனான்."

"அதுதான் அம்மா 1, 2. விளைமீன் கிடைச்சிட்டால் பாரையைப் பற்றி ஒருத்தரும் கேக்க மாட்டினம். கிடைக்காட்டித்தான் ரெண்டாவதைப் பாப்பினம்."

கொஞ்ச நேரம் கலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சூடைக்கு ஒண்டும் போடாம விடுறது." ஓம் என்றேன். "இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் இப்பிடிச் சொல்லேல்லை?"

அம்மாவின் அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் அனுப்புகிறேன்.

இந்த 1, 2, 3 ஒன்றும் புதிதாக வந்ததில்லை, 1978 அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தலிலும் யாரோ ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே 50 வீதத்தைத் தாண்டிவிட்டதால் அதைத் தொட வேண்டிய தேவை வரவில்லை, பெட்டிக்குள் மடித்து வைத்த கூறைச் சேலை மாதிரி கிடந்தது. ஒன்பதாவது தேர்தலில்தான் வெளியே எடுத்தோம். அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. இரண்டு பேருமே பாதியைத் தொடவில்லை. ஆகவே மற்ற எல்லோரையும் நீக்கிவிட்டு, அவர்களுக்கு வாக்களித்தவர்களின் சீட்டில் 2 அல்லது 3 இந்த இருவரில் யாருக்காவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அப்படிப் பார்க்கப்பட்ட சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அதிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. நூற்றில் எட்டு! மிச்சம் 30 இலட்சத்துச் சொச்சம் பேரின் சீட்டில் 2, 3 போடப்படவே இல்லை, அல்லது போட்டது இந்த இருவரில் ஒருவருக்குமே போகவில்லை. அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணி எடுத்த இரண்டாம், மூன்றாம் விருப்பங்களைவிடக் குப்பைக்குப் போன சீட்டுகள் கூட.

கடைசியில் அநுரவுக்கு 55.89 வீதம் என்று அறிவித்தார்கள். அது கடைசியில் மிஞ்சிய இருவரின் வாக்குகளுக்குள் எடுத்த வீதம். செல்லுபடியான மொத்த வாக்குகளுக்குள் கணக்குப் பார்த்தால் 43 வீதம்தான் வரும். அவர் வென்றதில் எனக்கு ஒரு குறையுமில்லை, சட்டப்படி வென்றார், முதல் எண்ணிக்கையிலும் அவர்தான் முன்னுக்கு நின்றார். ஆனால் பாதிக்கு மேற்பட்ட சனத்தின் சம்மதம் வேண்டும் என்பதற்காகத்தானே இந்த ஏற்பாட்டையே வைத்தார்கள், அது நடக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

எங்கள் பக்கத்தில் இதனால் நடந்த அநியாயம் வேறு. தமிழ்ப் பொது வேட்பாளர் என்று அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றாரே, அந்த இரண்டு மாதமும் தேத்தண்ணிக் கடையில் இருந்து கலியாண வீடு வரைக்கும் ஒரே சண்டை. சங்குக்குப் போட்டால் வாக்கு வீண், கொழும்பில் வெல்லப்போகிறவரைத் தீர்மானிக்கிற வாய்ப்பு போய்விடும் என்று ஒரு பக்கம். வெல்லப்போகிறவருக்கே போட்டால் எங்கள் கோரிக்கையை எப்போது காட்டுவது என்று மற்றப் பக்கம். அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் திரிந்த வீடு எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சரி என்பதுதான் பகிடி. சங்குக்கு 1, சகித்துக்கொள்ளக்கூடியவருக்கு 2 என்று போட்டிருந்தால் இரண்டு காரியமும் ஒரே சீட்டில் முடிந்திருக்கும். 1982 இல் குமார் பொன்னம்பலம் நின்று 173,934 வாக்கு எடுத்த காலத்தில் இருந்தே இந்த வழி திறந்துதான் கிடந்தது. அரியநேத்திரனுக்கு விழுந்தது 226,343. அதில் எத்தனை சீட்டில் 2 இருந்ததோ, அதைத் தனியாக எடுத்துப் பேச யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

புறக்கணிப்பு எங்களுக்குப் பழகின விசயம். சர்வசன வாக்குரிமை வந்த 1931 ஆம் ஆண்டு முதல் தேர்தலையே யாழ்ப்பாணம் புறக்கணித்தது. 2005 இல் புலிகளின் புறக்கணிப்பால் யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்குப் போடவில்லை, மகிந்த ராஜபக்ச 180,786 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எல்லாவற்றையும் விரும்பு, அல்லது எல்லாவற்றையும் வெறு என்கிற மாதிரி ஒற்றைப் புள்ளடியைச் சனத்தின் கையில் கொடுத்தால், வெறுத்தவன் வீட்டில் இருப்பான். "இதுதான் வேணும், இல்லாட்டி அது, அதை மட்டும் தந்துவிடாதே" என்று சொல்ல ஒரு வழி இருந்தால் அவனும் ஒருவேளை வரிசையில் நிற்கக்கூடும்.

சரி, உங்களையே தெரிவு செய்த பாராளுமன்றத் தேர்தலுக்கு வருவோம், 2024 நவம்பர் 14. விகிதாசாரம்தானே, போட்ட வாக்குக்கு ஏற்ற ஆசனம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். யாழ். மாவட்டத்தில் ஆறு ஆசனத்துக்கு 396 பேர் நின்றார்கள். சீட்டைக் கையில் வாங்கியவுடன் ஏதோ திருமணப் பந்தியில் இலை விரித்த மாதிரி இருந்தது. முடிவு என்ன? அநுரவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கு, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, ஆசனம் மூன்று. தமிழரசுக் கட்சி 63,327, ஆசனம் ஒன்று. தமிழ்க் காங்கிரசுக்கு 27,986, சுயேச்சைக் குழு 17 இற்கு 27,855, ஆளுக்கு ஒன்று.

இதில் திருட்டு ஒன்றும் இல்லை. மாவட்டத்தில் முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், 5 வீதம் எடுக்காதவர்களின் வாக்கைக் கணக்கிலிருந்து தூக்குவது, மிஞ்சிய ஐந்து ஆசனத்தை, ஓர் ஆசனத்துக்கு இத்தனை வாக்கு என்று வகுத்து முழுப் பங்கும் மீதியுமாகப் பிரிப்பது, எல்லாம் சட்டத்தில் உள்ளபடிதான். போனஸில் ஒன்று, முழுப் பங்கில் ஒன்று, பெரிய மீதியில் ஒன்று, ஆக மூன்று. ஆனால் ஓர் ஆசனமும் கிடைக்காத பட்டியல்களுக்கு விழுந்த வாக்கை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ 1 இலட்சத்து 25 ஆயிரம். முதலாவதாக வந்த கட்சி எடுத்ததைவிடக் கூட! மாவட்டத்தில் பெரிய கட்சி செத்த வாக்குக் கட்சிதான். அதற்குச் சின்னமும் இல்லை, போனஸும் இல்லை.

உடனே எங்கள் தலைவர்கள் "ஒற்றுமையாகக் கேட்டிருந்தால்" என்று தொடங்குவார்கள். ஒற்றுமைக்கு நான் எதிரியில்லை. ஆனால் ஒன்றுசேராத தலைவர்களுக்காக வாக்காளனை ஏன் தண்டிக்க வேண்டும்? அயர்லாந்தில் சின்னச் சின்னத் தொகுதிகளில் மூன்று முதல் ஐந்து பேரைத் தெரிவு செய்கிறார்கள். வேட்பாளர்களுக்கு 1, 2, 3, 4 என்று விரும்பிய வரைக்கும் இலக்கம் போடலாம். தோற்றுப்போனவரின் சீட்டு அடுத்த விருப்பத்துக்கு நகரும், வென்றவர் தேவைக்கு மேல் எடுத்த வாக்கும் நகரும். கட்சிகள் பிரிந்து நின்றாலும் சனம் தன் இலக்கத்தால் அவர்களைச் சேர்த்து வைக்கும். நூறு வருசமாக இதைத்தான் செய்கிறார்கள், மால்ட்டாவிலும் அப்படித்தான். எண்ணி முடிக்கச் சில நாள் எடுக்கும் என்பது உண்மை. எடுக்கட்டுமே, ஐந்து வருசத்துக்குத்தானே எண்ணுகிறோம்.

"எங்கட சனத்துக்கு இதெல்லாம் விளங்காது" என்று படித்தவர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அங்கே கணக்கு வாத்தியார்களா வாக்குப் போடுகிறார்கள்? 1990 இல் அயர்லாந்து ஜனாதிபதித் தேர்தலில் மேரி ரொபின்சன் முதல் எண்ணிக்கையில் இரண்டாவதாகத்தான் வந்தார், மூன்றாவது ஆளின் சீட்டுகள் நகர்ந்தபோது முந்தி வென்றார். சனம் குழம்பவில்லை.

குறையே இல்லாத முறை இதுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு முறை இருக்க முடியாது என்று கென்னத் ஆரோ என்கிற பொருளியல் அறிஞர் 1951 இலேயே கணிதமாக நிறுவிவிட்டார். அயர்லாந்து முறையிலும் ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் அடிபடுவார்கள், இங்கே ஒரே பட்டியலில் நிற்பவர்கள் விருப்பு வாக்குக்காகப் பிடிக்கிற சண்டை மாதிரித்தான். அந்தச் சண்டையை இங்கே எல்லோருமே பார்த்திருக்கிறோம், நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

சிலர் தொகுதியில் கூட வாக்கு எடுத்தவரே வெல்கிற பழைய தொகுதி முறைக்கே போவோம் என்கிறார்கள். அம்மாவின் முதல் வாக்கு 1970 இல். அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீதம் எடுத்து 17 ஆசனம் பெற்றது, அதைவிட ஒரு வீதம் குறைவாக எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. 1977 இல் சக்கரம் மற்றப் பக்கம் சுழன்றது. 168 ஆசனத்தில் ஐ.தே.க. வுக்கு 140. நாட்டில் 29 வீதத்துக்கு மேல் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8, 7 வீதத்தைக்கூடத் தொடாத எங்கள் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். அதை நாங்கள் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தோம், எங்களுக்கு லாபமாக இருந்தபோது முறை பிழை என்று ஒரு தமிழரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் ஒரே இடத்தில் செறிந்து வாழ்கிற எங்களுக்குப் பொருந்துவது, சிதறி வாழ்கிற முஸ்லிம்களுக்கும் மலையகத்துச் சனத்துக்கும் பொருந்தாது. விகிதாசாரம் வந்த பிறகும், ஆசனக் கணக்கில் சேரத் தேவையான வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 க்கு இறக்க அவர்கள் 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது கோபத்தோடு. தேர்தல் முறையைத் திருத்துகிறோம் என்று சொல்லி 2017 இல் மாகாண சபைச் சட்டத்தை மாற்றினீர்கள். பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். அதற்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும் என்றீர்கள். 2018 ஓகஸ்டில் அந்த அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அந்த ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. எங்களுக்கு மாகாண சபைத் தேர்தல் என்று நடந்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 2013 இல். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டுக்குப் படம் கீறிக்கொண்டே இருக்கிற மேசன் மாதிரி, முற்றத்தில் எங்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஆகவே புதுத் திருத்தம் என்று எதைக் கொண்டுவந்தாலும், அது நிறைவேறும் வரைக்கும் பழைய முறையில் தேர்தல் நடக்கும் என்று ஒரு வரியை முதலில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றபடி நான் கேட்பது பெரிதில்லை. போனஸ் ஆசனத்தை எடுங்கள். அதை வைத்திருப்பதற்கு இன்றைக்கு ஆளும் கட்சிக்கு ஒரு காரணம் இருக்கும், நாளைக்கு வேறு கட்சிக்கு அதே காரணம் இருக்கும். ஜனாதிபதி ஆட்சியை ஒழிப்பதென்றால் ஒழியுங்கள், ஒழிக்கும் வரைக்கும் 2, 3 எதற்கு என்று ஒவ்வொரு மேடையிலும் நீங்களே வாயால் சொல்லுங்கள். எனக்கு மட்டும் போடு, வேறு யாருக்கும் இலக்கம் போடாதே என்று சொல்வது உங்களுக்கு லாபம், தெரியும். ஆனால் தோற்றால் அந்தச் சனத்தின் சீட்டும் உங்களோடு சேர்ந்தே சாகிறது.

2025 மே 6, உள்ளூராட்சித் தேர்தல். காலையில் அம்மா புறப்பட்டு நின்றுகொண்டு, இந்த முறை 2 யாருக்குப் போடுவதென்று யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். இதில் அப்படி இல்லை அம்மா, ஒரே ஒரு புள்ளடிதான் என்றேன்.

"அப்ப விளைமீன் இல்லாட்டிச் சும்மாதான் வாறதோ?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைப் போட்டார்.

இப்படிக்கு,
யாழ். மாவட்டத்து வாக்காளன் ஒருவன்