நினைவுப் படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் நம் பெரியவர்கள் கட்டிவைத்த படிப்பகத்தைச் செப்பனிட்டு, கன்னட நடிகர் புனித் ராஜ்குமாரின் நினைவாகத் திறப்பது என்று பொதுக்குழு தீர்மானித்தபடி பணிகள் யாவும் நிறைவேறின என்பதைத் திருப்பணிக் குழு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.

செலவில் பெரும்பகுதியும் காலத்தில் பெரும்பகுதியும் மேல்தளத்துக்கே சென்றன. அது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ். சுவருக்குள் புதைந்திருந்த கட்டை முனைகள் செல்லரித்துப்போயிருந்ததால், இடித்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் என்று சிலர் கூறினர். ஆயினும் தளத்தின் நடுப்பகுதி உறுதியாகவே இருந்ததால், கெட்ட கட்டைகளை மட்டும் மாற்றி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தளம் இடிக்கும் திமிசுக் கட்டை துள்ளும்வரை இடித்து, மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்தோம். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அருகிவிட்டனர் என்பதே தாமதத்துக்குக் காரணம். மின்கம்பி, கழிவறை, வெள்ளையடிப்பு ஆகியவை வழக்கம்போல் முடிந்தன.

தமிழர் படிப்பகத்துக்குக் கன்னட நடிகர் பெயர் ஏன் என்ற கேள்விக்கு இங்கே பதில் பதிவு செய்வது நலம். புனித் 17.3.1975 அன்று சென்னையில் பிறந்தவர். தந்தையார் டாக்டர் ராஜ்குமாரின் சொந்த ஊரான காஜனூர் ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியில் உள்ளது. அந்தக் காஜனூரிலிருந்துதான் 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் ராஜ்குமாரைக் கடத்திச் சென்றார். மீட்கப்படும்வரை கழிந்த 108 நாட்களில் கன்னடர்–தமிழர் மோதல் மூளுமோ என்று இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு கலங்கியிருந்தன என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரை நாமே விரும்பி நம் வாசலில் வைப்பது முறையென்றே குழு கருதியது.

சிலை வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. நகரில் சிலைகளுக்குக் குறைவில்லை. புனித் நடத்தியதாக இணையத்தில் சுற்றிவந்த பள்ளிகள், முதியோர் இல்லங்கள், கோசாலைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும் என்றும் கேட்டனர். உதவியைப் பறைசாற்றாமல் செய்தவர் என்பதாலேயே, உறுதி செய்ய இயலாத கணக்குகளை அவர் பெயரில் ஏற்றுவது தகாது என்று விலக்கினோம். அவருடைய தாயார் பார்வதம்மாள் மைசூரில் உருவாக்கிய, ஆதரவற்ற பெண்களுக்கான சக்திதாமத்துக்கு அவர் துணைநின்றது எல்லாரும் அறிந்த செய்தி.

2021 அக்டோபர் 29 அன்று, 46 வயதில், மாரடைப்பால் அவர் மறைந்தபோது, குடும்பத்தார் அவருடைய கண்களை நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனைக்குத் தானமாக அளித்தனர். 2006இல் தந்தையும் 2017இல் தாயும் சென்ற வழிதான் அது. மருத்துவர்கள் ஒவ்வொரு கருவிழியையும் முன்னடுக்கு, உள்ளடுக்கு எனப் பிரித்து, முன்னடுக்குப் பழுதான இருவருக்கும் உள்ளடுக்குப் பழுதான இருவருக்கும் பொருத்தியதால், இரு கண்கள் நான்கு பேருக்குப் பார்வையாயின. அதன்பின் கர்நாடகம் முழுவதும் கண்தானப் பதிவு செய்ய மக்கள் திரண்டனர். கல்வெட்டில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தக் கண்தானம் ஒன்றை மட்டுமே பொறித்துள்ளோம்.

பதிவுப் படிவத்தில் கையொப்பமிடுவதோடு கண்தானம் நிறைவேறிவிடாது. இறப்புக்குப் பின் வீட்டார் மறவாமல் கண் வங்கியை அழைத்தால்தான் அது நடக்கும். பதிவே செய்யாதவரின் கண்களையும் குடும்பத்தாரின் ஒப்புதலோடு தானமாகத் தரலாம். அதனால் நுழைவாயிலுக்கு உட்புறம் ஒரு பலகை அமைத்துள்ளோம். ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவரும் கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். முகம் விகாரப்படாது என்பவை அதில் எழுதப்பட்டுள்ளன. துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டியிருப்பதால், தெருவுக்கு ஒருவர் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பெயர்கள் வந்து சேர்ந்ததும், பலகையின் கீழே விடப்பட்டுள்ள இடத்தில் தெருவாரியாக எழுதப்படும். இவ்வறிக்கையை அடுத்த பொதுக்குழு ஏற்ற பின் திருப்பணிக் குழு கலைந்து, சாவியும் மீதத் தொகையும் நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கப்படும். மழைக்கு முன் ஆண்டுதோறும் தட்டோட்டு இணைப்புகளைப் பார்த்துப் பூசிவிட வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் குறித்து வைக்கிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்