ஆம்ப்ளிஃபயருக்கா, அறைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஹோம் தியேட்டர் கட்டுரை, பட்ஜெட்டில் பாதியை ஆம்ப்ளிஃபயருக்கே ஒதுக்கச் சொல்கிறது. டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து ரிப்பேர் பார்த்து வரும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

4440 ஐசி என்ற மலிவான ஆம்ப்ளிஃபயர் சில்லைப் போட்டு அசெம்பிள் செய்த செட்டும் நல்ல கம்பெனி ஆம்ப்பும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. மட்டமான டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஹம் என்கிற ‘உம்ம்’ இரைச்சல் வரும். வால்யூமைக் கொஞ்சம் கூட்டினாலே சத்தம் உடையும். ஆனால் ஹம் இல்லாமல், உடையாமல் 40, 50 வாட் ஆர்எம்எஸ் (விடாமல் தொடர்ந்து தரக்கூடிய பவர்) தரும் ஆம்ப் ஒன்று அமைந்துவிட்டால், அதற்கு மேல் கொட்டும் பணம் பெரும்பாலும் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகப் பாட்டு கேட்பதற்கு ஒரு வாட்கூடச் செலவாகாது.

கடையில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது வித்தியாசம் தெரிகிறதே என்பார்கள். தெரியும். ஒன்றில் சத்தம் ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அது தெளிவாக இருப்பதுபோல் படும். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வரும்படி வால்யூமைச் சரிசெய்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் போடச் சொல்லுங்கள். 1987-இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை இப்படித்தான் சோதித்தது. சுமார் 200 டாலர் ரிசீவரும் இருந்தது, 12,000 டாலர் வால்வு ஆம்ப்பும் இருந்தது. கேட்டவர்களின் பதில், குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தேறவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் விலை உயர்ந்த ஆம்ப் வாங்கியும் படத்தில் வசனமே புரியவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஹால் முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், ஸ்பீக்கர் இரண்டும் ஷோகேஸுக்குள். வெளியே எடுத்து, காது உயரத்தில் வைத்து, கனமான திரையும் தரையில் ஜமக்காளமும் போட்டதும் பேச்சு தெளிந்தது. சும்மா இருக்கட்டும் என்று அவருடைய பழைய ஆம்ப்பையும் மாட்டிப் பார்த்தோம். வீட்டில் யாருக்கும் மாற்றம் தெரியவில்லை. புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் கடைக்காரர் சம்மதிக்கவில்லை.

பெரிய ஹால், 4 ஓம் ஸ்பீக்கர், அதிலும் சென்சிட்டிவிட்டி குறைந்தது (அதே வாட்டுக்குக் குறைவான சத்தம் தருவது) என்றால் கரண்ட் தாராளமாகத் தரும் ஆம்ப் தேவைதான். மற்றவர்கள் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம்.

இன்னொன்று. இத்தகைய கட்டுரைகளிலாவது பிஎம்பிஓ என்று கண நேர உச்சத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும் கணக்கைத் தவிர்த்து ஆர்எம்எஸ் வாட்டை மட்டும் அச்சிடுங்கள். '5000 வாட்' என்று பெட்டியில் போட்ட செட்டோடு வரும் அடாப்டர் 12 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 60 வாட்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
திண்டுக்கல்.