வெடிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு வரித் தமிழ்

கதையோடு நகரும் ஷூட்டர் கேம்களை உருவாக்கும் குழுக்களுக்கும், அவற்றின் மொழிபெயர்ப்பைக் கவனிப்பவர்களுக்கும்,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்து ஊர்களிலிருந்து எழுதுகிறோம். உங்கள் கேம்களுக்குத் தமிழ் சப்டைட்டில் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. குரலை மாற்ற வேண்டாம், நடிகர்களின் குரல் அப்படியே இருக்கட்டும். எழுத்து மட்டும் தமிழில் வேண்டும். எப்படிச் செய்தால் அது சரியாக வரும், எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கேமை எடுத்துக்கொள்கிறோம்: இர்ரேஷனல் கேம்ஸ் உருவாக்கி, கென் லெவின் இயக்கி, 2013 மார்ச்சில் வெளிவந்த 'பயோஷாக் இன்ஃபினிட்'. இதற்குக் குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம், அவ்வளவுதான். புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாதவர்களின் பழைய கணினியிலும் ஓடும். அதனால் பழசாகியும் கைவிடப்படாத கேம் இது.

முதலில் அதன் அழகைச் சொல்லிவிடுகிறோம். மழையில் ஒரு கலங்கரை விளக்கம், உள்ளே ஒரு நாற்காலி. அது மேலே பாய்ந்து மேகத்தைத் துளைத்ததும் வெயிலில் மிதக்கும் நகரம் தெரிகிறது. 1912ஆம் ஆண்டின் கொலம்பியா. நகருக்குள் நுழையும் கூடத்தில் தரையெங்கும் தண்ணீர், மேலே மெழுகுவத்தி வெளிச்சம், எங்கிருந்தோ பக்திப்பாட்டு. சண்டை உடனே வருவதில்லை. திருவிழாக் கடைகள், கொடிகள், தானே வந்து நின்று பாடும் நால்வர் குழு என்று நகரத்தை நடந்து பார்க்க விடுகிறார்கள். நல்ல ஊர் என்று கண் நம்பிய பிறகுதான் குலுக்கல் மேடையில் அதன் இனவெறி வெளிப்படுகிறது. அழகைக் காட்டி நம்பவைத்து, அதே அழகின் மேல் சந்தேகம் வரவைப்பதுதான் இந்த கேமின் திறமை. பிறகு வரும் தொழிற்சாலைப் பகுதியில் நிறங்கள் புகையேறிப் போகின்றன. கதை எந்தத் திசையில் போகிறது என்பதை வெளிச்சமே சொல்லிவிடுகிறது.

ஆடுபவரின் கூடவே வரும் எலிசபெத் என்ற பெண் பாத்திரமும் அப்படித்தான். பெரிய கண்கள், சற்று மிகையான முகபாவம். பத்தடி தள்ளி நின்றாலும் அவள் மனநிலை தெரிகிறது. சண்டையில் அவளைக் காப்பாற்றும் வேலை ஆடுபவருக்கு இல்லை. குண்டு தீரும்போது அவளே குண்டுகளை எடுத்து வீசுகிறாள்.

குறையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்க முடியும். பிற்பாதி எதிரிகள் எத்தனை குண்டு பட்டாலும் விழாமல் நிற்கிறார்கள். ஒரே ஆவியோடு திரும்பத் திரும்பச் சண்டை போடவைப்பது கதையின் வேகத்தைக் கெடுக்கிறது. ஆனாலும் வானத்துத் தண்டவாளத்தில் கொக்கியை மாட்டிச் சறுக்கியபடியே சுடுவதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

இனி எங்கள் கவலைக்கு வருகிறோம். இந்தக் கதையில் பெரும்பகுதி காதில்தான் நடக்கிறது. வாக்ஸோஃபோன் என்ற ஒலிப்பதிவுகள் மட்டும் 80. ஒன்றை எடுத்துக் கேட்கத் தொடங்கும்போதே எதிரி கத்துவான், எலிசபெத் ஏதோ சொல்வாள், வெடியும் வெடிக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கும் 1912இன் மேடை ஆங்கிலம் அந்தச் சத்தத்தில் பிடிபடாது. படம் முழுதாகக் கிடைக்கிறது, கதை பாதிதான் கிடைக்கிறது. கடைசிக் காட்சி புரியவில்லை என்று சொல்பவர்களில் பலர் அந்த ஒலிப்பதிவுகளைத் தவறவிட்டவர்களாக இருக்கலாம்.

தமிழில் இதற்குச் சொல் இருக்கிறதா என்று தயங்க வேண்டாம். கொலம்பியா ஒரு மதநகரம். மதத்தமிழ் காவிரிப் படுகைக்குப் புதிதல்ல. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது 1715இல். ஞானஸ்நானம், தீர்க்கதரிசி, சுவிசேஷம், பிரசங்கம் எல்லாம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இன்றும் காதில் விழும் சொற்கள். காம்ஸ்டாக் என்ற தலைவனை அவன் மக்கள் 'தீர்க்கதரிசி' என்றே அழைக்கட்டும். அவனுடைய சுவரொட்டிகளும் பிரசங்கங்களும் பழைய வேதாகமத் தமிழில் இருக்கட்டும். ஆடுபவர் ஏற்கும் பாத்திரமான புக்கர் பேசுவது மட்டும் இன்றைய பேச்சுத்தமிழாக வரட்டும். இந்த இரண்டு நடையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே, இவன் இந்த ஊருக்கு வெளியாள் என்பது விளக்கமில்லாமல் புரியும்.

புக்கர் கடன்பட்டவன். தமிழில் கடன் என்றால் வாங்கிய பணமும்தான், செய்தே தீரவேண்டிய கடமையும்தான். ஆடி அமாவாசையில் காவிரிக்கரையில் கொடுப்பது நீர்க்கடன். தண்ணீர், பாவம், கடன் மூன்றையும் ஒரே நூலில் கோத்த கதைக்கு, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருள் தமிழில் தானாகவே கிடைக்கிறது. கதையில் அவ்வப்போது வந்துபோகும் லூடெஸ் இரட்டையர் நாணயத்தைச் சுண்டும் இடத்தில் 'பூவா தலையா' என்று போட்டால் போதும், விளக்கம் எதுவும் தேவைப்படாது.

மிகவும் சிக்கலானது 'யூ' என்ற ஒரே சொல். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் அதுதான். தமிழில் நீ, நீங்கள் என்று பிரிகிறது. எலிசபெத் முதலில் புக்கரை மரியாதையோடு குடும்பப் பெயர் சொல்லி அழைக்கிறாள், பிறகு புக்கர் என்று பெயர் சொல்லியே அழைக்கிறாள். 'நீங்க' எந்தக் காட்சியில் 'நீ' ஆகிறது, கோபத்தில் மறுபடி 'நீங்க' ஆகிறதா என்பதை மொழிபெயர்ப்பவர் முடிவு செய்தாக வேண்டும். கதையின் முடிவு தெரியாதவர் இதைத் தப்பாகத்தான் முடிவு செய்வார். வெறும் வரிகள் அடங்கிய எக்செல் கோப்பை மட்டும் அனுப்பினால் அதுதான் நடக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் பேசுகிறார், யாரிடம், இருவருக்கும் என்ன உறவு, எந்தக் காட்சி, குரல் எத்தனை நொடி என்று ஐந்து கட்டங்கள் வையுங்கள். முழுக் கதையையும் முன்கூட்டியே கொடுங்கள். ரகசியம் கசியும் என்று பயந்தால் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் மறைக்காதீர்கள்.

பொருளின் பெயரை வாக்கியத்துக்குள் தானாகச் செருகும் முறையும் தமிழில் உடையும். ஆங்கிலத்தில் 'எடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பெயரையும் வைத்துவிடலாம். தமிழில் துப்பாக்கி 'துப்பாக்கியை' ஆகும், குண்டு 'குண்டை' ஆகும், பணம் 'பணத்தை' ஆகும். எல்லாவற்றின் பின்னும் ஒரே 'ஐ' ஒட்டினால் 'பணம்ஐ எடு' என்று வந்து நிற்கும். அதனால் 'எடு: பணம்' என்று பிரித்துப் போடுங்கள். அல்லது ஒவ்வொரு பொருளுக்கும் வேற்றுமை ஏற்ற வடிவத்தையும் பட்டியலில் சேருங்கள்.

இப்போது எழுத்துக்கு வருவோம். பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் நொறுங்குகின்றன. 'கொள்ளிடம்' கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 9 குறியீடு. 'கொ' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அதைக் கோத்துத் தரும் கருவி உள்ளே இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும், புள்ளி தனியாக ஒரு வட்டத்தின் மேல் நிற்கும், 'டி' இரண்டாக உடையும். ஹார்ஃப்பஸ் என்ற இலவச நூலகம் இந்தக் கோக்கும் வேலையைச் செய்கிறது. கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 4இன் பிந்தைய பதிப்புகளில் அது உள்ளேயே உண்டு, அணைத்துவிடாமல் இருந்தால் போதும். அதுபோன்ற இன்னொரு மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ கருவியில் தமிழ் எழுத்துருவை வெறுமனே சேர்ப்பது போதாது, கோக்கும் வேலைக்குத் தனி வழி தேவை. அந்தத் தொல்லைக்குப் பயந்து பாமினி மாதிரி பழைய குறிமுறை எழுத்துருவுக்கு மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. திரையில் சரியாகத் தெரியும். ஆனால் தேட முடியாது, எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் உளறும், அடுத்த முறை திருத்த வருபவருக்கு ஒன்றும் புரியாது. தயவுசெய்து அந்தக் குறுக்கு வழி வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சுபோலத் தோன்றும் விளைவு இருந்தால், குறியீட்டை எண்ணாமல் முழு எழுத்தை எண்ணுங்கள். இல்லாவிட்டால் முதலில் 'க' வந்து, பிறகு அது 'கொ'வாகத் துள்ளும். வரி மடிப்பும் அப்படியே. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' ஒரே சொல், 13 எழுத்து. இடம் போதவில்லை என்று நடுவில் வெட்டினால் புள்ளி அடுத்த வரியில் போய் விழும். சொல்லுக்கு நடுவே வெட்டவே வேண்டாம். ஒரு வரிக்கு 30 எழுத்துக்கு மேல் போகாமல் மொழிபெயர்ப்பவரே சுருக்கட்டும். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரி போதும்.

உயரத்தையும் கவனியுங்கள். தமிழில் மேலே இகர, ஈகாரக் குறிகளும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருக்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் 'ரு'வும் கீழ்வரியின் 'கீ'யும் மோதும். எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்கு இடைவெளி வைத்தால் மோதாது. எழுத்தளவும் ஆங்கிலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருந்தால்தான் 15 அங்குல மடிக்கணினியில் 'ன'வும் 'ண'வும் வேறாகத் தெரியும். கொலம்பியாவில் பாதி நேரம் பின்னணி வெள்ளை மேகம். அதன் மேல் வெள்ளை எழுத்து போட்டால் அழிந்துபோகும். கறுப்புப் பட்டையைச் சப்டைட்டிலுக்குப் பின்னால் வைக்கும் வசதியும், பட்டையின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் கொடுங்கள்.

யார் பேச்சு முன்னால் வர வேண்டும் என்ற வரிசையும் தேவை. கதைப்பேச்சு கீழே நடுவில், எதிரியின் கத்தல் சிறிய எழுத்தில் ஓரத்தில். கத்தல் வந்து கதைப்பேச்சை அழிக்கவே கூடாது. லூடெஸ் இரட்டையர் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிப்பார்கள், அதனால் வரிக்கு முன்னால் பெயர் வேண்டும். ஒலிப்பதிவுகளைப் பட்டியலிலிருந்து மறுபடி கேட்க முடிவது இந்த கேமில் உள்ள நல்ல வசதி. அங்கே முழு எழுத்தும் தமிழில் இருந்தால் சண்டை ஓய்ந்தபின் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். சுவரொட்டிகளின் ஓவியத்தை மாற்றத் தேவையில்லை. அருகில் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் தமிழ் வரி கீழே தெரிந்தால் போதும்.

இன்னொன்று, மின்வெட்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இங்கே கரண்ட் போவது இயல்பு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறிய பிறகு பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. இன்ஃபினிட்டில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது, கேம் தானாகச் சேமிக்கும் சோதனைப் புள்ளி வந்தால்தான் உண்டு. கரண்ட் போனால் கடைசிப் புள்ளிக்கே திரும்ப வேண்டும். 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது சில நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் அடுத்த புள்ளி வராது. வீட்டு இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலையில் வைக்காவிட்டால் மாறும் அந்தக் கணத்திலேயே கணினி மறுதொடக்கமாகிவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் சேவ் கோப்பே கெடலாம். புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக எழுதப்பட்டதா என்று சரிபார்த்த பிறகு பழையதன் இடத்தில் வையுங்கள். முந்தைய இரண்டு சேவ்களை அழிக்காமல் வையுங்கள். வேலை சிறியதுதான், ஆனால் பத்து மணி நேர ஆட்டத்தைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒரு சோதனை வரி தருகிறோம். உங்கள் கேமின் சப்டைட்டில் பெட்டியில் இதை ஒட்டிப் பாருங்கள்:

கொள்ளிடம் வெண்ணாறு குடமுருட்டி கும்பகோணம் ஸ்ரீரங்கம் வௌவால்

இதில் கொம்பு, கால், புள்ளி, உகரம், 'டி', 'ஸ்ரீ', 'வௌ' எல்லாம் வருகின்றன. ஏதாவது ஒன்று உடைந்தாலும் பெட்டி இன்னும் தயாராகவில்லை. உடைந்ததைப் படம் பிடித்துத் தமிழ் படிக்கத் தெரிந்த யாரிடம் காட்டினாலும், எந்த எழுத்து உடைந்தது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
காவிரிப் படுகையிலிருந்து, உங்கள் கேம்களை ஆடுபவர்கள்